பிள்ளைத்தமிழும் மனைக்கல்வியும்

கல்வி என்னும் சொல்லைக் கேட்டவுடனே நம் மனக்கண்முன் தோன்றுவன பள்ளிக்கூடமும், கரும்பலகையும், ஏடும், ஆசிரியருமேயாம். ஆயினும், ஒரு குழந்தை பள்ளியின் வாயிற்படியை மிதிப்பதற்கு நெடுநாள் முன்னரே, தாயின் மடியிலும், தந்தையின் தோளிலும், வீட்டு முற்றத்திலும் எண்ணிறந்த பாடங்களைக் கற்றுத் தேர்ந்துவிடுகின்றது. நிற்கவும் நடக்கவும், தாய்முகத்தையும் பிறர்முகத்தையும் வேறு பிரித்தறியவும், ஒரு மொழியின் ஒலிகளைச் செவியிற் கொண்டு நாவிற் பயிலவும் அது கற்றுக்கொள்கின்றது. இவற்றுள் ஒன்றையேனும் அதற்குப் பாடமாக நடத்தினார் எவரும் இலர். அது ஆடிற்று, ஆடியபடியே கற்றது. விளையாட்டே அதன் பாடம். வீடே அதன் பள்ளி.

இவ்வுண்மையை நம் தமிழ்ப் புலவர் நன்கு உணர்ந்திருந்தனர் என்பதற்குப் பிள்ளைத்தமிழ் என்னும் பிரபந்த வகையே சான்றாகும். தேர்வின் பொருட்டு அதனைப் பயில்வோர் பத்துப் பருவங்களின் பெயரையும் முறையையும் நெட்டுருப் பண்ணுவதோடு அமைந்துவிடுகின்றனர். யானும் அங்ஙனமே செய்தேன். பின்னர் வீட்டில் ஒரு சிறுவனோடு பழகும் வாய்ப்பு நேர்ந்தபோதுதான், அப்பத்துப் பெயர்களும் மனப்பாடஞ் செய்தற்குரிய வெறும் பட்டியல் அல்ல, பிள்ளை வளர்ப்போர் கையில் இருத்தற்குரிய ஒரு வழிகாட்டி என்பது புலனாயிற்று. அதனை முதலிற் சொல்லிப் பின்னர்ப் பொருளுக்கு வருவேன்.

சென்ற கோடை விடுமுறையின் தொடக்கத்தில் என் தமக்கையார் தம் மகனுடன் எங்கள் இல்லத்திற்கு வந்திருந்தார். பையனுக்கு அப்போது 20 மாதம். நன்றாக நடப்பான்; ஓடுவான்; ஆயின் பேச்சு மட்டும் எழவில்லை. ‘அம்மா’ என்பதும் ‘தா’ என்பதுமாகிய இரண்டு சொற்களே அவன் நாவில் இருந்தன. சோறு ஊட்டும்போதெல்லாம் ஒரு கைப்பேசி அவன்முன் வைக்கப்பெறும். அதிற் படம் ஓடினால் வாய் திறப்பான், நின்றால் அழுவான். என் தமக்கையாரைக் குறை கூற எனக்கு வாய் இல்லை. அவர் பகலெல்லாம் அலுவலகத்தில் உழைத்து மாலையில் அடுப்படிக்குத் திரும்புபவர். அன்றியும், அவர்கள் வந்த முதல் வாரத்தில், யான் படித்துக்கொண்டிருந்த அறைக்குள் அவன் வந்து என் ஏட்டைப் பற்றியபோதெல்லாம், தொல்லை நீங்கினாற் போதுமென்று என் கைப்பேசியை எடுத்துக் கொடுத்தவன் யானே. அன்று யான் படித்துக்கொண்டிருந்த நூலோ ஒரு பிள்ளைத்தமிழ்! வாயிலில் நின்று இதனைக் கண்ட எங்கள் ஆச்சி, “பிள்ளையைப் பற்றிப் படிக்கிறாயா, பிள்ளையை விரட்டிவிட்டுப் படிக்கிறாயா?” என்று வினவினார். யான் மறுமொழி கூறவில்லை.

தமக்கையார் அவனைக் குழந்தை மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றார். மருத்துவர் முதலிற் செவியைச் சோதிக்கச் செய்து, கேள்வியிற் குறை யாதும் இல்லை எனக் கண்டு, “கைப்பேசியை நிறுத்துங்கள், பிள்ளையோடு பேசுங்கள், ஆடுங்கள், மூன்று மாதங் கழித்து மீண்டும் வாருங்கள்” என்று கூறி அனுப்பினார். ஆடுங்கள் என்றாரே யன்றி, எவ்வாறு ஆடுவது என்று கூற அவர்க்கு நேரமில்லை. அதனை ஆச்சி அறிந்திருந்தார். யான் பயின்ற நூலும் அறிந்திருந்தது.

பத்துப் பருவங்கள்

பிள்ளைத்தமிழாவது, கடவுளரையேனும் மக்களுட் சிறந்தாரையேனும் குழந்தையாகப் பாவித்துத் தாயர், செவிலியர் முதலியோர் கூற்றாகப் பாடப்படுவது. இதற்குரிய வித்துத் தொல்காப்பியப் புறத்திணையியலில் உண்டென்பர். பெரியாழ்வார் கண்ணனைக் குழந்தையாக வைத்துப் பாடிய பாடல்கள் இவ்வகைக்கு முன்னோடியாய் நிற்பன. 12-ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் இயற்றிய குலோத்துங்க சோழன் பிள்ளைத்தமிழ், தனி நூலாக இன்று கிடைப்பனவற்றுட் பழமையானது. 17-ஆம் நூற்றாண்டினராகிய குமரகுருபரர் மீனாட்சியம்மை மீது பாடியது பலரும் அறிந்தது. இஸ்லாமியப் புலவர் நபிகள் நாயகத்தின்மீதும் பிள்ளைத்தமிழ் பாடினர். கிறிஸ்தவருள் அருள் செல்லத்துரை என்பார் 1985-ஆம் ஆண்டில் இயேசுபிரான் பிள்ளைத்தமிழை வெளியிட்டார். சமயம் வேறாயினும், தொட்டிலிற் கிடக்கும் குழந்தையும் அதன் ஆட்டமும் எல்லார்க்கும் ஒன்றாகவே அமைந்தன.

காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்னும் ஏழும் ஆண்பால், பெண்பால் இரண்டற்கும் பொது. இறுதி மூன்றும் ஆண்பாற்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர் எனவும், பெண்பாற்குப் பெரும்பான்மை அம்மானை, நீராடல், ஊசல் எனவும் வேறுபடும். இலக்கண நூலார் கூறும் திங்கட் கணக்குச் சிறிது மாறுபடினும், 3-ஆம் திங்கள் முதல் 21-ஆம் திங்கள் வரை ஒற்றைப்பட்ட திங்கள்தோறும் ஒவ்வொரு பருவமாகக் கொள்ளுதல் பெருவழக்கு. ஆகவே பத்துப் பருவமும் இரண்டாண்டிற்குள் அடங்கிவிடுகின்றன. இக்காலத்து மருத்துவரும் உளநூலாரும் குழவியின் வளர்ச்சியை மாதக் கணக்கிட்டு ஆராய்வதும் இவ்விரண்டாண்டு முதலாகவே என்பது நினைக்கத்தக்கது.

செங்கீரைப் பருவம் 5-ஆம் திங்களுக்குரியது. ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரு கைகளையும் நிலத்தில் ஊன்றித் தலை நிமிர்த்தி அசைந்தாடுதலே செங்கீரை. விழித்திருக்கும் வேளையிற் குழந்தையைச் சிறிது நேரம் குப்புறக் கிடத்தி, கழுத்தும் தோளும் உரம்பெறச் செய்யுமாறு மருத்துவர் இன்று கூறுவதும் இவ்வாட்டத்திற்கு முன்படியேயாம். குழந்தை தலை நிமிர்த்துவது எதற்காக? தன்முன் ஒரு முகம் இருந்து அழைப்பதனால். முன்னே ஒருவர் படுத்து, அதன் கண்மட்டத்தில் தம் முகத்தை வைத்துப் பேசினால், அது மேலும் நிமிரும்.

தால் என்பது நா. 7-ஆம் திங்களில் தாய் தன் நாவை அசைத்துப் பாடக் குழந்தையும் தன் நாவை அசைத்து ஒலிக்கும். ‘மாமாமா’, ‘பாபாபா’ என ஓரசையை மடக்கி மடக்கிக் கூறும் மழலை ஏறக்குறைய இப்பருவத்திலேயே தோன்றுவதாக மொழிநூலார் கூறுவர். இவ்வேளையிற் செய்தற்குரியது எளிது: அது கூறிய ஒலியை நாமும் திருப்பிக் கூறி, சிறிது நேரம் வாளாவிருத்தல். அது மீண்டும் கூறும். நாமும் மீண்டும் கூறவேண்டும். ஒருவர் பேச ஒருவர் கேட்டலும், கேட்டவர் மறுமொழி கூறலுமாகிய உரையாடலின் இலக்கணத்தைக் குழந்தை ஒரு சொல்லும் அறியா முன்னரே இவ்வாறு கற்றுவிடுகின்றது.

சப்பாணி 9-ஆம் திங்களுக்குரிய கைகொட்டல். இரு கையும் ஒரு நடுவிடத்திற் சந்திக்கச் செய்வதும், பிறர் செய்வதைப் பார்த்துத் தான் செய்வதும், தாளத்தோடு இயைவதும் ஆகிய மூன்று வினைகள் இதில் அடங்கியுள்ளன. கைவீசுதல், சாய்ந்தாடுதல் முதலியன இதனோடு ஒத்தன. முத்தப் பருவம் கேட்டலும் கொடுத்தலும் பயிற்றுவது. வருகைப் பருவம் தளர்நடை பயிலும் குழந்தையைக் கை நீட்டி அழைப்பது. இக்காலத்துக் கணக்கின்படியும் பெரும்பாலான குழந்தைகள் 12 முதல் 15 மாதத்திற்குள் தனித்து நடக்கத் தலைப்படுகின்றன.

இவற்றுள் என் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தது அம்புலிப் பருவம். தாய் குழந்தையை இடுப்பில் வைத்து வானத்து நிலாவைச் சுட்டி, “இவனோடு ஆட வா” என அழைக்கின்றாள். புலவர் இவ்வழைப்பைச் சாம தான பேத தண்டம் என்னும் நான்கு உபாயங்களாலும் விரித்துப் பாடித் தம் புலமையைக் காட்டுவர். ஆதலின் இது பாடுதற்கு அரிய பருவம் என்பர். புலமையை ஒருபுறம் வைத்துத் தாயின் செயலை மட்டும் நோக்குவோம். அவள் விரல் ஒரு பொருளைச் சுட்டுகின்றது, குழந்தையின் கண் விரலை விட்டுப் பொருளை நாடுகின்றது, பின் தாயின் முகத்தை நோக்கி, “நீ கண்டதைத்தானே யானும் கண்டேன்?” என வினவுவதுபோல் திரும்புகின்றது. இருவர் ஒரு பொருளை ஒருங்கே நோக்கி, அதற்கு ஒருவர் பெயர் கூறும் அந்நொடியிலேதான் சொல் பிறக்கின்றது. பேச்சு வளர்ச்சிக்கு இவ்வுடன்நோக்கே வேர் என உளநூலார் இன்று வலியுறுத்துவர். கைப்பேசியிலும் நிலாவின் படம் உண்டு. ஆயினும் அப்படம் குழந்தையின் கண்ணைத் தன்பாற் பிணித்துக்கொள்ளுமே யன்றி, அருகிருப்பார் முகத்தை நோக்கித் திருப்புவதில்லை.

மேலைநாட்டாசிரியர் மூவர்

மனையே முதற் பள்ளி என்பதை மேலைநாட்டில் விளங்க எடுத்துரைத்தவருள் முற்பட்டவர் கொமேனியஸ் என்பார். அவர் 1592-இல் மொராவிய நாட்டிற் பிறந்து, திருச்சபையின் பேராயராய் விளங்கி, போரினால் நாடிழந்து அலைந்தவர். முதல் ஆறாண்டுக் கல்வியைப் பற்றி அவர் எழுதிய நூல் 1633-இல் ஜெர்மானிய மொழியில் வெளிவந்தது. அவர் கருத்துப்படி, எல்லாக் கலைகளின் வித்தும் தாயின் மடியிலேயே ஊன்றப்படுகின்றது. ஒளியும் இருளும் அறிவதே ஒளிநூலின் தொடக்கம். மிகுதி குறைவு அறிவதே கணக்கின் தொடக்கம். பெரிது சிறிது அறிவதே வடிவநூலின் தொடக்கம். குழந்தைகட்கெனப் படங்களோடு கூடிய பாடநூலை 1658-இல் வெளியிட்டவரும் அவரே.

இரண்டாமவர் பிரோபெல். 1782-இல் ஜெர்மனியில் ஒரு குருவானவரின் மகனாய்ப் பிறந்து, ஓராண்டு நிரம்பு முன்னரே தாயை இழந்தவர். தாயன்பை அறியாத அவரே பிற்காலத்தில் ‘குழந்தைகளின் தோட்டம்’ எனப் பொருள்படும் கிண்டர்கார்ட்டன் என்னும் முறையை நிறுவினார். 1844-இல் அவர் வெளியிட்ட நூல் ஒன்று, தாய் தன் மடியிலுள்ள குழந்தையோடு பாடி ஆடுதற்குரிய பாட்டுக்களும், விரல் விளையாட்டுக்களும், படங்களும் கொண்டது. உழவரிடையும் எளிய மக்களிடையும் தாய்மார் தம்மையறியாமலே ஆடிவந்தவற்றை உற்றுநோக்கி, அவற்றிற் புதைந்து கிடந்த கல்வியை அவர் வெளிக்கொணர்ந்தார். நம் ஆச்சிமார் குழந்தையின் உள்ளங்கையிற் பருப்புக் கடைந்து, ஒவ்வொரு விரலாக மடக்கி அனைவர்க்கும் சோறு பகிர்ந்து, பின் நண்டூருவதுபோல் அக்குள் வரை விரலை ஓட்டிச் சிரிக்கவைக்கும் ஆட்டம் அவர் கண்ணிற் பட்டிருந்தால், அதற்கும் அந்நூலில் ஓரிடம் வாய்த்திருக்கும்.

மூன்றாமவர் மரியா மாண்டிசோரி அம்மையார். இத்தாலிய மருத்துவராகிய இவர் 1907-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள் உரோமை நகரில் ஏழைத் தொழிலாளர் வாழ்ந்த சான் லொரென்சோப் பகுதியிற் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். 1939-இல் சென்னை அடையாற்றிற்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றினார். போர் மூண்டமையால் தாய்நாடு திரும்ப இயலாது, சில ஆண்டுகள் கோடைக்கானலிலும் தங்கி, 1946 வரை இந்நாட்டில் இருந்தார். குழந்தை விளையாட்டுப் பொம்மையினும் பெரியோர் செய்யும் உண்மை வேலையையே பெரிதும் விரும்பும் என்பது அம்மையார் கண்ட உண்மை. நீரை ஒரு கலத்தினின்று மற்றொரு கலத்திற்கு ஊற்றுதல், துணி மடித்தல், மேசை துடைத்தல் ஆகிய எளிய செயல்களையே அவர் கல்விக் கருவியாக்கினார்.

மனையில் ஆடத்தக்கன

மேற்கூறியவற்றை உளங்கொண்டு, ஓராண்டு முதல் மூன்றாண்டு வரையுள்ள குழந்தையோடு வீட்டில் ஆடத்தக்க சிலவற்றைக் கூறுவேன். இவற்றுட் பலவற்றை எங்கள் இல்லத்தில் ஆடிப் பார்த்தோம். எதற்கும் பொருட்செலவு இல்லை.

முதலாவது, மறைத்துக் காட்டல். முகத்தை முந்தானையால் மறைத்து, பின் விலக்கிச் சிரித்தல் யாவரும் அறிந்தது. இதற்கடுத்த படி, ஒரு பந்தைக் கொட்டாங்கச்சியின் கீழ் வைத்து, “எங்கே?” என வினவுதல். சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் பியாஜே தம் சொந்தக் குழந்தைகளையே உற்றுநோக்கி, கண்ணுக்கு மறைந்த பொருளும் உளதாம் என்னும் அறிவு ஓராண்டின் பிற்பகுதியிலேதான் வேர்கொள்ளத் தொடங்குகின்றது எனக் கூறினார். பின்வந்தோர் அது சற்று முன்னரே தோன்றும் என்பர். எவ்வாறாயினும், மறைந்தது மீளும் என்னும் நம்பிக்கையை இவ்வாட்டம் ஊட்டுகின்றது. தாய் வேலைக்குச் சென்றாலும் மாலையில் மீள்வாள் என்று பொறுத்திருத்தற்கு அந்நம்பிக்கையே துணை.

இரண்டாவது, அடுக்களை விளையாட்டு. ஒன்றனுள் ஒன்று அடங்கும் தம்ளர்களையும் கிண்ணங்களையும் தரையிற் பரப்பினால், எது எதனுட் செல்லும் என்று குழந்தை தானே ஆராயும். பெரிது சிறிதென்னும் பாடம் அங்கே முடிகின்றது. ஒவ்வொரு பாத்திரத்திற்கும் உரிய மூடியைத் தேடல், உருளைக்கிழங்கை ஒரு கூடையிலும் கத்தரிக்காயை மற்றொரு கூடையிலும் இடல் ஆகியன இனம் பிரித்தறியும் பயிற்சி. கரண்டியால் தட்டிலும், குடத்திலும், மரப்பலகையிலும் தட்டினால் ஒவ்வொன்றும் ஒவ்வோர் ஒலி தரும். சிறுபறைப் பருவம் இதுவேயாம். ஓசை பொறுக்கமுடியாத பெரியோர் பத்து நிமிடம் முற்றத்திற்குச் செல்க.

மூன்றாவது, நீரும் மாவும். அகன்ற தட்டில் அரிசி மாவைப் பரப்பி அதில் விரலாற் கோடு கிழிக்கச் செய்தல் எழுத்திற்கு முன்னோடி. எழுத்தைத் திணித்தல் வேண்டா. வளைவும் கோடும் விரலுக்குப் பழகினாற் போதும். ஒரு குவளை நீரை மற்றொன்றில் ஊற்றுங்கால் சிந்துவதும் பாடமே. சிந்தியதைத் துடைக்க ஒரு துணியை அதன் கையிற் கொடுத்தால் அதுவும் விளையாட்டாகிவிடும்.

நான்காவது, உணவு. பாண்டியன் அறிவுடைநம்பி பாடிய புறநானூற்றுப் பாட்டொன்று, உண்கலத்திற் கைவிட்டு, எடுத்துக் கீழே இட்டு, நெய்ச்சோற்றை மேனியெல்லாம் பூசிக்கொள்ளும் குழந்தையைக் காட்டி, அத்தகைய மக்கட்பேறு இல்லார்க்கு வாழ்நாளிற் பயனில்லை என்கின்றது. சோற்றைச் சிதறும் குழந்தையை ஒரு வேந்தன் பேறெனக் கொண்டான். நாமோ சிதறாதிருக்கவே கைப்பேசியை முன்வைக்கின்றோம். சூடும் குளிர்ச்சியும், குழைவும் உதிரியும், புளிப்பும் இனிப்பும் கையாலும் நாவாலும் அறியும் அவ்வேளையில், கண் மட்டும் வேறெங்கோ இருப்பின், உணவு வயிற்றிற் செல்லுமே யன்றி அறிவிற் செல்லாது.

ஐந்தாவது, பாவனை ஆட்டம். ஒன்றரை ஆண்டிற்கு மேற்பட்ட குழந்தை வெறுங்குவளையை வாயில் வைத்துக் குடிப்பதுபோல் காட்டும், பொம்மைக்குச் சோறூட்டும். சிற்றில் இழைத்துச் சிறுசோறு அட்ட சங்ககால மகளிரின் ஆட்டமும் இவ்வகையதே. ஒரு பொருளை மற்றொன்றாகக் கருதும் ஆற்றலே பிற்காலத்தில் எழுத்தை ஒலியாகவும் எண்ணைப் பொருளாகவும் கருதும் ஆற்றலாக மலர்கின்றது. நம் ஆண்டவர் தம் காலத்து மக்களின் மனநிலைக்கு உவமை தேடியபோது, சந்தைவெளியிற் குழலூதி மணவிழாவும், புலம்பி இழவும் பாவித்தாடிய பிள்ளைகளையே எடுத்துக்காட்டினார் என மத்தேயுவின் சுவிசேஷத்திற் காண்கின்றோம். அவர் தெருவிற் செல்லுங்கால் பிள்ளைகளின் ஆட்டத்தைக் கூர்ந்து நோக்கியிருந்தார் என்பது இதனால் விளங்கும்.

ஆறாவது, உருட்டலும் இழுத்தலும். காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர் குதிரை பூட்டாத மூன்றுருளைச் சிறுதேரை உருட்டிய செய்தி பட்டினப்பாலையில் வருகின்றது. இன்றும் நம் தச்சர் செய்யும் நடைவண்டிக்கு உருளை மூன்றே. ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டுகளாகியும் உருளையின் தொகை மாறவில்லை. நடைவண்டி இல்லாதார் அட்டைப் பெட்டியிற் கயிறு கட்டி இழுக்கச் செய்யலாம்.

இவ்வாறனுள்ளும் பொதுவாக வேண்டுவது ஒன்று உண்டு; அது பேச்சு. செய்வதைச் சொல்லிக்கொண்டே செய்தல் வேண்டும். “வெங்காயத்தை எடுத்தேன், தோலை உரித்தேன், கண் எரிகிறதே” எனத் தாய் தன் வேலையை வாய்விட்டுக் கூறினால் அதுவே பாடம். குழந்தை விரல் நீட்டியதற்குப் பெயர் கூறல் வேண்டும். அது ‘பா’ என்றால், “ஆம், பால், வெள்ளைப் பால்” என்று ஒரு சொல்லைக் கூட்டிக் கொடுத்தல் வேண்டும். தவறென்று திருத்துதல் வேண்டா. வீட்டார் தமக்குள் இயல்பாகப் பேசும் மொழியிலேயே பேசுக. பள்ளியில் உதவுமென்று, தாம் திருந்த அறியாத பிறமொழிச் சொற்களை அள்ளித் தெளித்தல் குழந்தைக்குப் பாலில் நீர் கலப்பதாம்.

காப்பு

பிள்ளைத்தமிழில் முதற்பருவம் காப்பு. தெய்வங்களை விளித்துக் குழந்தையைக் காக்க என வேண்டுவது அது. விளையாட்டிலும் காவலே முதலாவது. மூன்றாண்டு நிரம்பாத குழந்தையின் கையில் புளியங்கொட்டை, கோலிக்குண்டு, சோழி, பொத்தான், கடலை முதலிய சிறு பொருள்களைக் கொடுத்தலாகாது, மூச்சுக்குழலை அடைக்கும். ஆகவே பல்லாங்குழியும் கழங்கும் பின்னாளுக்கு ஆகுக. குன்றிமணி காண அழகியதாயினும் கொடிய நஞ்சுடையது. சிறுவர் உள்ள வீட்டில் அது இருத்தலே தகாது. பொம்மைகளிலும் கடிகாரங்களிலும் உள்ள பொத்தான் போன்ற மின்கலத்தை விழுங்கினால் உணவுக்குழல் சில மணி நேரத்திலேயே வெந்து புண்ணாகும். உடனே மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். நீராடலைப் பெரியோர் அருகிருந்தே நடத்துக. வாளியிற் சிறிதளவு நீர் நின்றாலும் தலைகுப்புற வீழ்ந்த குழந்தை எழமாட்டாது.

கைப்பேசியைக் குறித்து உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட நெறியையும் ஈண்டுக் குறித்தல் தகும். இரண்டாண்டு நிரம்பாத குழந்தைக்குத் திரையின்முன் அமர்தல் வேண்டாவென்றும், இரண்டாண்டு நிரம்பியதற்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்கு மேற்படலாகாதென்றும், அதனினும் குறைதலே நன்றென்றும் அது கூறுகின்றது. மற்றொன்று: 18 மாதத்திலும் நடவாத குழந்தையையும், அவ்வயதிற் பேச்சு எழாத குழந்தையையும், பெயர் கூறி அழைத்தால் திரும்பாத குழந்தையையும் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். “அவன் தாய்மாமனும் தாமதமாகத்தான் பேசினான்” என்று ஆறுதல் கூறி நாட்கடத்துதல் பிழை. எங்கள் இல்லத்திலும் அம்மொழி கூறப்பட்டது. அம்மாமன் யானே. விளையாட்டு வேறு, மருந்து வேறு. ஒன்று மற்றொன்றிற்கு ஈடாகாது.

முடிவுரை

எங்கள் பையனின் செய்தியைக் கூறி முடிப்பேன். கைப்பேசியை நிறுத்திய முதல் நான்கு நாள் இல்லத்தில் அழுகுரலே மிகுந்தது. இரண்டாம் நாள் தமக்கையார், “போதும் தம்பி, கொடுத்துவிடலாம்” என்றார். ஆச்சி ஒன்றும் கூறாது அவனை இடுப்பில் எடுத்துக்கொண்டு மாடிக்குச் சென்றுவிட்டார். அந்நாள் முதல் இரவு உணவு மாடியிலேயே நிகழ்ந்தது. ஒரு வாய் சோறு பையனுக்கு. ஒரு வாய் நிலாவுக்கு. நிலாவில்லாத இரவில் எதிர்வீட்டு விளக்கே நிலாவாயிற்று. பகலில் யான் நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் ஏட்டை மூடிவைத்து அவனோடு தரையில் அமர்ந்தேன். அவ்வொரு மணி நேரமும் முதலில் எனக்குச் சுமையாகவே இருந்தது என்பதை மறையேன். தம்ளரை அடுக்குவான், தள்ளுவான், மீண்டும் அடுக்குவான். அவனுக்குச் சலிப்பில்லை; எனக்குத்தான் சலித்தது. பத்தாம் நாளளவில் அச்சலிப்பும் நீங்கிற்று.

மூன்றாம் வாரத்தில் ஓரிரவு, யாரும் சுட்டாதபோதே அவன் தன் விரலை வானத்திற்கு உயர்த்தி, “இலா” என்றான். உடனே திரும்பித் தன் தாயின் முகத்தை நோக்கினான். தமக்கையார், “ஆமடா, நிலா” என்றார். அதற்குமேல் அவரால் பேச இயலவில்லை. அம்புலிப் பருவத்தின் பொருளை உரை கூறிய ஆசிரியரிடம் கேட்டறிந்தேன். அதன் பயனை அன்று கண்டறிந்தேன். விடுமுறை முடியுங்கால் அவனுக்கு இருபதுக்கு மேற்பட்ட சொற்கள் வந்திருந்தன. ஒத்த வயதினரை நோக்க அது குறைவே. மருத்துவர், “இன்னும் தொடருங்கள், தேவைப்பட்டாற் பேச்சுப் பயிற்சியும் பெறலாம்” என்றார். தொடர்ந்து வருகின்றோம்.

அன்பர்காள்! நம்முட் பலர் நாளை ஆசிரியராவோம். மிகப் பலர் பெற்றோராவோம். இன்றே பலர் தாய்மாமனாகவும், சிற்றப்பனாகவும், அத்தையாகவும், சித்தியாகவும் இருக்கின்றோம். ஆண்டவரிடத்திற் குழந்தைகளைக் கொண்டுவந்தோரைச் சீடர்கள் அதட்டியது தீய எண்ணத்தால் அன்று. பெரிய காரியத்திற்குச் சிறியோர் இடையூறு எனக் கருதியே அங்ஙனம் செய்தனர். அவரோ சீடர்மீது விசனமடைந்து, குழந்தைகளை அணைத்து ஆசீர்வதித்தார் என்று மாற்கு எழுதுகின்றார். ஏட்டைப் பற்ற வந்த சிறு கையை யான் விலக்கியதும் அச்சீடர் செய்த பிழையே. இனி ஒரு பிள்ளை நம் அறைக்குள் வந்து ஏட்டைப் பற்றுமாயின், ஏட்டை மூடி வைப்போமாக. அரை மணி நேரங் கழித்தும் ஏடு அவ்விடத்திலேயே இருக்கும்.